கரை காணாக் கப்பலின் வெளிவாசல்

நட்சத்திரங்களில் ஒன்று பச்சையாக இருந்தது.

கேதீஸ்வரி இடுப்பில் கை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்புத் துணியில் ஊசியால் குத்தி, பின்னால் நத்தார் மின்குமிழ் மாலையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சரி, அவ்வளவுதான் கைக்கு எட்டியது என்று விட்டாலும், அத்தனை வெள்ளைக் குமிழுக்கு நடுவே ஒரு பச்சையைக் கழற்றி எறிய ஒருவருக்கும் மனம் வரவில்லையே. விண்வெளிக் கப்பலின் யன்னல் என்று சொல்லி ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பாலன் குடிலுக்குக் கட்டுகிற விளக்கைக் காட்டினால் யாருக்குத்தான் பத்திக்கொண்டு வராது?

"இஞ்சரும், இதைப் பாத்தீரே?"

"வடிவாத்தானே கிடக்கு," என்றாள் ஜசிந்தா. கீழ்ப் படுக்கையில் காலை நீட்டி, பளபளத்த போர்வையொன்றை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள் அவள். "விடுமப்பா. வந்தனாங்கள், சந்தோசமா இருந்திட்டுப் போவம்."

ஜசிந்தாவுக்கு எல்லாம் வடிவுதான். இருவரும் ஊர்காவற்றுறையில் ஒரே தபாற்கந்தோரில் வேலை செய்தார்கள். சிநேகிதம் முற்றியது ஒரு வானொலி நாடகத்தால். தொண்ணூற்றாறில், மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த நாள்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருத்தி பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த கரண்டில் மற்றவள் வானொலியைத் திருகிப் பிடித்து, 'கரை காணாக் கப்பல்' கேட்டார்கள். பூமி தண்ணீருக்குள் போய்விடுகிறது. மிஞ்சியவர்கள் ஒரு கப்பலில் ஏறி நட்சத்திரங்களுக்கிடையே திரிகிறார்கள், இறங்க ஓரிடமில்லாமல். ஊரை விட்டு ஓடி, திரும்பி வந்து கூரையில்லாத வீட்டைப் பார்த்தவர்களுக்கு அது வெறுங் கற்பனையாகப் படவில்லை. அந்தக் கப்பலுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வெளிவாசலில் யார் தட்டினாலும் திறக்க வேண்டும், கையைப் பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும், யார் எவர் என்று கேட்கக் கூடாது. அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் ஜசிந்தா அழுவாள். கேதீஸ்வரி அழமாட்டாள். ஆனால் பெடலைச் சுற்றுகிற அவளுடைய கை இன்னும் வேகமாகச் சுற்றும்.

கேதீஸ்வரியின் கூடப்பிறந்ததுகள் ஆளுக்கொரு நாட்டில். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கென்று இந்தத் தீவுப் பக்கத்தில் மிஞ்சியிருந்தது ஜசிந்தா ஒருத்திதான். இதை அவள் வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன, இருக்கிறது இருக்கிறதுதானே.

சண்டை ஓய்ந்து மூன்றாம் வருசம், கனடாவிலிருந்து வந்த ஜோர்ஜ் என்கிற பெடியன், தானும் அந்த நாடகத்தின் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு, நெடுந்தீவில் ஒரு பழைய கல்வீட்டைக் கப்பலாக மாற்றி ஹொட்டேல் திறந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது, இருவரும் கந்தோரில் லீவு போட்டார்கள். குறிகட்டுவானில் காலைப் படகு ஏறி, ஜசிந்தா வழியெல்லாம் சத்தியெடுத்து, வெயில் ஏற வந்து இறங்கினார்கள். வாசலில் வைத்தே கைமணிக்கூட்டைக் கழற்றி வாங்கிவிட்டான் ஜோர்ஜ். கப்பலுக்குள் கப்பல் நேரம்தான் என்றான். ரோச் லைற்றையும் கேட்டான், உள்ளே வேறு வெளிச்சம் கூடாதாம். இல்லை என்று கூசாமல் பொய் சொல்லி, பையின் அடியில் சீலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள் கேதீஸ்வரி.

அதற்குப் பிறகு ஒன்றையடுத்து ஒன்றாக ஏமாற்றம். தளபதியின் ஆசனம் என்று வைத்திருந்தது சலூன் கதிரை. விண்வெளி உணவு என்று கொடுத்தது நீலச் சாயம் போட்ட ஒடியற்கூழ். நாடகத்தில் கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பேசுகிற குழாய் ஒன்று வரும். இங்கே தண்ணீர்ப் பைப்புக்கு வெள்ளி நிறம் அடித்து, நுனியில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலைச் சொருகியிருந்தார்கள். வீட்டு யன்னல்களையெல்லாம் கல் வைத்து அடைத்துவிட்டதால் காற்று இல்லை, கடல் இரைச்சல் இல்லை. புதுச் சுண்ணாம்பும் பழைய மண்ணும் சேர்ந்த மணம் மட்டும் தொண்டையில் வந்து குந்தியிருந்தது.

"பன்னிரண்டாம் கட்டத்தில தளபதிக்கு வலது கைதான் முறிஞ்சது, தம்பி," என்று அவள் ஜோர்ஜைப் பிடித்துக்கொண்டாள். "நீர் சுவர்ப் படத்தில இடது கையில கட்டுப் போட்டிருக்கிறீர்."

"அக்கா, ஆர் அதைக் கவனிக்கப் போகினம்?"

"நான் கவனிச்சிட்டனே."

அவர்களுடைய அறையின் பின்சுவரில்தான் வெளிவாசல் இருந்தது. தகரக் கதவு, நடுவில் திருகுகிற சில்லு. கதவு கிடக்கட்டும், அதைப் பொருத்தியிருந்த இடம்தான் கேதீஸ்வரியின் கண்ணை உறுத்தியது. நிலை இல்லை. படி இல்லை. சுவரை இடித்த வாக்கில் விட்டிருந்தார்கள். ஓரத்துக் கல்லைத் தடவிப் பார்த்தாள். மற்றச் சுவர் முழுக்க ஒரு சாந்து, இந்த ஓரத்தில் மட்டும் வேறு சாந்து. முன்னொரு காலம் யாரோ அவசரத்தில் பூசிய சாந்து.

"தம்பி, இதில முந்தி வாசல் இருந்ததோ?"

"இல்லை அக்கா, வெறுஞ் சுவர்தான். ஆனா இந்த ஒரு இடம் இளகிக் கிடந்தது, ஆரோ உடைச்சுப் போட்டுத் திருப்பி அடைச்ச மாதிரி. கல்லெல்லாம் கையோட வந்திட்டுது. மேசன்மாருக்குச் சுகமாப் போச்சு."

"ஆர் மேசன்?"

"எங்கட கோயில் ஆக்கள்தான்."

கோயில் ஆக்கள் என்றால் மாதா கோயில் ஆக்கள். அவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஜோர்ஜுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. வீடோ சைவக்காரருடைய வீடு, தெற்கே கடை வைத்திருந்து இப்போது லண்டனில் இருக்கிற குடும்பம். கேதீஸ்வரிக்குத் தெரியும். அவளுடைய பெரியப்பா, சாவுக்கு ஆகாத நாள் என்கிற பஞ்சமியில் செத்தார். பஞ்சமியில் செத்த ஆளை வாசலால் கொண்டுபோக மாட்டார்கள். சுவரை வெட்டி, அந்த வழியால் பிரேதத்தை வெளியே எடுத்து, பாடை வேலிப் படலையைத் தாண்ட முந்தியே வெட்டின இடத்தை அடைத்துவிடுவார்கள். போன ஆள் போன வழியாலேதான் திரும்பி வரப் பார்க்கும். வந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போகும். வழி அடைபட்டிருந்தால் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். பெரியப்பா வீட்டுக் குசினிச் சுவரை அன்று இரவிரவாகப் பூசினது அவளுக்கு நினைவிருக்கிறது.

ஆனால் அவள் அதையெல்லாம் நம்புகிற ஆளில்லை. கந்தோரில் யாராவது சகுனம் சொன்னால் முதலில் நக்கலடிக்கிறவள் அவள்தான். இப்போது போய் ஜசிந்தாவிடம் பேய்க்கதை சொல்வதா?

"அந்தக் கதவை மட்டும் திறக்க வேண்டாம்," என்றாள், ஜோர்ஜ் போன பிறகு.

ஜசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "விடியத் துவங்கி எல்லாத்துக்கும் குறை. இப்ப கதவிலயும் குறையோ? வெளியாள் வந்து தட்டுறதும் நாங்கள் திறக்கிறதும்தானே கதையே. ஜோர்ஜ் சொன்ன குருசுமுத்து அண்ணைதான் வெளியாளா, தகர உடுப்புப் போட்டுக்கொண்டு வருவாராம்."

காலையிலிருந்து முணுமுணுத்ததன் பலன் இது. உண்மையான ஒன்றைச் சொல்லும்போது அதுவும் முணுமுணுப்பாகிவிட்டது. கேதீஸ்வரிக்குத் தன்மீதே கோபம் வந்தது.

பைப்புக்குள்ளால் ஜோர்ஜின் குரல் வந்தது. "கப்பலில் இரவு ஆரம்பிக்கிறது." உடனே ஜெனறேற்றர் நின்றது. நட்சத்திரங்கள், பச்சையும் சேர்த்து, அணைந்துபோயின. மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகியிராது. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்கிறான், அதற்குக் கப்பலின் இரவு என்று ஒரு பெயர்.

இருட்டென்றால் இருட்டு. கையை மூக்குக்கு முன்னால் பிடித்தால் தெரியவில்லை. ஜசிந்தா மூச்சு விடுகிற சத்தம் கீழ்ப் படுக்கையிலிருந்து கேட்டது, மேலே கூரை ஓடு வெயிலில் எங்கோ வெடுக்கென்றது, சுண்ணாம்பு மணத்துக்கு மேலாக இப்போது இன்னொரு மணம் மெல்ல மெல்ல வந்து நிறைந்தது, சந்தனமும் வாடின பூவும் ஈரப் பஞ்சும் கலந்த, எங்கேயோ முகர்ந்து பழகின மணம். இதுவும் அவர்களுடைய வேடிக்கைதான் என்று கேதீஸ்வரி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஊதுபத்தி கொளுத்துகிறார்கள், விண்வெளியில் ஊதுபத்தி, இதையும் அவனிடம் கேட்கத்தான் வேண்டும்.

கதவு தட்டப்பட்டது.

தகரத்தில் தட்டின சத்தமில்லை அது. கதவைச் சுற்றியுள்ள கல்லில், உள்ளங்கையால் தடவித் தடவி, பிறகு ஒரு தட்டு. மறுபடி தடவல். இடம் தேடுகிற கை.

"வந்திட்டார்," ஜசிந்தா எழும்பிவிட்டாள்.

"இரும். திறக்காதையும்."

"கப்பல் ஒருத்தரையும் வெளியில விடாது," என்று அவள் நாடகத்து வசனத்தை, நாடகத்துக் குரலில், சந்தோசமாகச் சொன்னாள். சில்லு திருகுப்படுகிற சத்தம் கேட்டது.

கதவுக்கு அப்பாலிருந்து வெயில் வரவில்லை. பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி, வெளிச்சம் புகாமல் படங்குத் துணி கட்டியிருப்பதாக ஜோர்ஜ் சொன்னது ஞாபகம் வந்தது. படங்கின் இடுக்கால் கசிந்த மங்கலில் ஒரு வெள்ளை மட்டும் தெரிந்தது. குனிந்து, உள்ளே வந்தது.

தொப்.

இரண்டு காலும் ஒன்றாக விழுகிற சத்தம்.

தொப்.

கேதீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. தகர உடுப்பு என்றார்களே, எங்கே தகரம்? கழுத்துவரை வெள்ளை வேட்டியால் சுற்றி, பல்வலிக்காரன் மாதிரித் தாடையிலிருந்து உச்சிக்கு ஒரு துணிக்கட்டு. இதுவா வேற்றுக் கோளிலிருந்து வந்த வெளியாள்?

"அண்ணை, உங்கட வசனம் எங்கை?" என்றாள் உரக்க. "உள்ளே வந்தவுடனே 'என் கரை போயிற்று' எண்டல்லோ சொல்ல வேணும்? அதையாவது பாடமாக்கக் கூடாதே?"

ஜசிந்தா கையை நீட்டினாள். இருட்டுக்குள் அந்தக் கை பிடிபடுகிறது தெரிந்தது.

"அம்மா, என்ன குளிர்," என்றாள் ஜசிந்தா.

அப்போது பைப்புக்குள் கரகரப்பு. ஜோர்ஜ். "அக்காமார், குறை நினைக்காதேங்கோ. குருசுமுத்து அண்ணை வாற படகை இன்னும் காணேல்லை. நான் இறங்குதுறைக்கு ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாறன். தட்டுற காட்சி பிந்தித்தான் நடக்கும். அதுவரைக்கும் ஒருத்தரும் வரமாட்டினம், பயப்பிடாமப் படுங்கோ."

குழாய் ஓய்ந்தது. முன்பக்கம் எங்கோ மோட்டார் சைக்கிள் ஒன்று கிளம்பிப் போனது.

கேதீஸ்வரி பையைத் தேடினாள். சீலை. சீலைக்குள் ரோச். அமத்தினாள்.

அறையில் நின்றது ஒன்றுமில்லை. வெளிவாசல் திறந்தபடி கிடந்தது. கதவடியில் நின்ற ஜசிந்தா இப்போது படுக்கையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தாள், கண் விட்டத்தில். ஒரு கை கட்டிலுக்கு வெளியே நீண்டு, எதையோ பிடித்தபடி மூடியிருந்தது. அந்தக் கைக்குள் ஒன்றும் இல்லை.

வெளிச்சம் கீழே போனது. பாதங்கள். இரண்டு பெருவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கீலம் ஒன்று கட்டியிருந்தது. பிரேதத்துக்குக் கட்டுகிற கட்டு.

பாதங்கள் அசைந்தன. கால் முன்னாலே போக, உடல் பின்னாலே வர, ஜசிந்தா கட்டிலை விட்டு வெளிவாசல் பக்கமாக இழுபட்டாள். மெதுவாக. யாரோ பக்குவமாக எடுப்பதுபோல.

"விடு," என்றாள் கேதீஸ்வரி.

இழுபட்டது.

"விடு எண்டுறன். இவள் என்னோட வந்தவள். என்னோடதான் போவாள்."

பாய்ந்து அக்குளுக்குள் கை கொடுத்துப் பிடித்தாள். பாரம். ஜசிந்தாவின் பாரமில்லை, நாலு பேர் தூக்குகிற பாரம். ரோச் விழுந்து உருண்டது. சந்தன மணம் முகத்தில் அடித்தது. அவள் காலைச் சுவரில் உதைத்துக் கொடுத்தாள். அரை அடி அவளுக்கு. அரை அடி அதற்கு. வாசல் ஓரத்துக் கல்லில் ஜசிந்தாவின் குதிக்கால் தட்டியது. போய்விடும். இன்னும் ஒரு இழுவை, போய்விடும். கேதீஸ்வரி அவள்மேல் ஏறிக் குனிந்து, பெருவிரலில் கட்டிய துணியில் பல்லை வைத்தாள். ஈரத் துணி. கடித்தாள். இழுத்தாள். பல் வலித்தது. விடவில்லை. துணி கிழிந்தது.

பாரம் போய்விட்டது. சட்டென்று. இரண்டு பேரும் நிலத்தில்.

தகரக் கதவைக் காலால் அடித்துச் சாத்தி, சில்லை இறுகும்வரை திருகினாள். "போ," என்றாள் கதவைப் பார்த்து. "போய் வேறை ஆரையும் பார். பயந்து விட்டிட்டு ஓடுவன் எண்டு நினைச்சியோ?" குரல் கீச்சென்று வந்தது, ஆனாலும் வந்தது.

ஜசிந்தாவைத் தோளில் சாய்த்து, பையை எடுத்துக்கொண்டு, முன்னறைக்கு வந்து, சலூன் கதிரையைத் தட்டிவிழுத்தி, தெருவாசலைத் திறந்தாள்.

வெளியே பட்டப்பகல். வெயில் கண்ணைக் குத்தியது. கல்வேலிக்கு மேலால் கடற்காற்று வந்தது, மாடொன்று நிழலில் படுத்து அசைபோட்டது. இவ்வளவு நேரமும் இதெல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது. கேதீஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வென்றுவிட்டாள். ஜசிந்தா தோளை விட்டு நிமிர்ந்து, கையை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். எழும்பி நடக்கிறாள். அது போதும்.

படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜோர்ஜும், பின்னால் தகர உடுப்பை மடியில் கட்டிப்பிடித்தபடி குருசுமுத்துவும் இறங்கினார்கள்.

"என்னக்கா, அதுக்குள்ள வெளிய வந்திட்டியள்? கப்பல் பிடிக்கேல்லையோ?"

"பிடிக்கேல்லை," என்றாள் கேதீஸ்வரி. "உம்மட கப்பலும் வேண்டாம், காசும் வேண்டாம். முதல் வேலையா அந்தப் பின்சுவரை அடையும். இண்டைக்கே அடையும்."

ஜோர்ஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குருசுமுத்து அவளையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. அவருடைய கண் முற்றத்து மணலில் இருந்தது. தகர உடுப்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டார்.

கேதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். தெருவாசலிலிருந்து படலைவரை வெள்ளை மணல். அதில் அவளுடைய செருப்புத் தடம், ஒன்றுக்கு முன்னால் ஒன்று. பக்கத்திலே வெறுங்கால் தடம். இரண்டு பாதமும் சேர்ந்தபடி. ஓரடி தள்ளி, இரண்டு பாதமும் சேர்ந்தபடி. படலைவரை அப்படியே.

கட்டு இப்போது இல்லை. ஜசிந்தாவின் பெருவிரல்கள் துணிக்கட்டு இல்லாமலே ஒட்டிக்கொண்டு நின்றன.

செத்த ஆளை வாசலால் வெளியே கொண்டுவரக் கூடாது. அதற்காகத்தானே சுவரை வெட்டுகிறது. அவள்தான் கையைப் பிடித்து வாசலால் கூட்டிவந்தாள்.

"ஜசிந்தா," என்றாள். "என்னைப் பாரும்."

ஜசிந்தா பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள் போலிருந்தது. வாய் திறந்தது, இன்னும் திறந்தது, தாடை நெஞ்சை நோக்கி இறங்கி அப்படியே நின்றது. மூடவில்லை. உள்ளேயிருந்து சந்தனமும் ஈரப் பஞ்சும் மணத்தன.

ஜோர்ஜ் பின்னால் போய்க் கல்வேலியில் முட்டிக்கொண்டான். "அக்கா, விட்டிட்டு வாங்கோ," என்றார் குருசுமுத்து, அடித்தொண்டையில். "கையை விட்டிட்டு இஞ்சால வாங்கோ."

"ஏன் விட வேணும்?" கேதீஸ்வரிக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனாலும் குரல் தபாற்கந்தோரில் வரிசையை அதட்டுகிற குரலாகவே வந்தது. "ஆரையும் விட்டிட்டு நான் வரமாட்டன். என்னவாயும் இருக்கட்டும்."

தோளில் கிடந்த சால்வையை மற்றக் கையால் உருவினாள். தாடைக்குக் கீழே கொடுத்து, வாயைத் தூக்கி மூடி, உச்சியில் சேர்த்து, ஒரு கையாலும் பல்லாலுமாக முடிச்சுப் போட்டாள். முடி குலைந்திருந்ததையும் ஒதுக்கிவிட்டாள்.

"நடவும். வீட்டை போவம். படகு போயிடும்."

தொப்.

படலைக்கு வெளியே தெருவில் ஒருவரும் இல்லை. தொப். அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு எழும்பி வேலியோரமாய் விலகிப் போனது. பை கனத்தது. தோள் மாற்றுவதற்காகக் கேதீஸ்வரி கையைக் கொஞ்சம் இழுத்தாள்.

ஜசிந்தாவின் விரல்கள் பிரியவில்லை.